கத்தி வைக்கும் முன் ஒரு சொல்



1867ஆம் ஆண்டிலே மூன்று காரியங்கள் நடைபெற்றன. கண்டிச் சீமையிலே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கர் நிலத்தில் தேயிலையை நட்டார். கிளாஸ்கோ நகரிலே ஜோசப் லிஸ்டர் என்னும் சத்திரவைத்தியர், காயத்தைக் காபோலிக் அமிலத்தால் தூய்மை செய்தால் அது சீழ்பிடியாமல் ஆறும் என்பதைத் தம்முடைய நோயாளரின் வரலாறுகளைக் காட்டி 'லான்செற்' என்ற வைத்திய ஏட்டில் எழுதினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே, சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், துரூயிற் என்பவரின் சத்திரவைத்திய நூலைத் தமிழாக்கி, 'இரண வைத்தியம்' என்னும் பெயருடன் ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலாக வெளியிட்டார்.

ஒன்றை எண்ணி மற்றொன்று செய்யப்பட்டதன்று. எனினும், முதலாவது காரியம் தமிழ் மக்களை நம் மலைச்சரிவுகளில் நிலைபெறச் செய்தது. இரண்டாவது, கத்தியை அஞ்சத்தகாத கருவியாக்கிற்று. மூன்றாவது, அக்கத்தியின் கலையைத் தமிழிற் பேசவைத்தது. இம்மூன்றும் ஒரே அறையிற் சந்திக்க வேண்டிய இடம் எது? தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் சத்திரசிகிச்சை மேசைமீது கிடத்தப்படும் இடமே அது. அச்சந்திப்பு எவ்வளவு தாமதமாக நிகழ்ந்தது, இன்றும் எந்த அளவில் நிகழ்கிறது என்பதைப்பற்றியே இப்பேச்சிலே சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் மலைநாட்டை நோக்குவோம். கோப்பிக் காலத்திலே இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலான பகுதிகளிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்த மக்களுள் எத்தனையோ பேர் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் காய்ச்சலுக்கும் பலியாயினர். வேலைக்குத் தகுதியற்றவராய் நோயிற் கிடந்தவரைப் பராமரிப்பது யார் கடமை என்பதுபற்றித் தோட்டக்காரருக்கும் அரசாங்கத்துக்கும் நெடுநாள் வழக்கு இருந்துவந்தது. அதன் விளைவாக 1872இல் 'மருத்துவத் தேவைகள் சட்டம்' பிறந்தது. தோட்டப்பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. அவற்றில் வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் எழுந்தன. செலவைத் தோட்டங்களும் ஏற்றன. இச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டு, 1912இல் புதிதாக இயற்றப்பட்டது. தொழிலாளரிடையே பரவும் நோய்களைப்பற்றிய வேறொரு சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தார் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர்.

இவையெல்லாம் பெரிதும் காய்ச்சலையும் கழிச்சலையும் சோகையையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. கத்தி வேண்டிய நோய்க்குத் தோட்டத்தில் இடமில்லை. வயிற்றுள் குடல் முறுக்கிக்கொண்டவரும், பிள்ளைப்பேறு தடைப்பட்ட தாயும், மலைச்சரிவில் வழுக்கி எலும்பு முறிந்தவரும் பட்டினத்து வைத்தியசாலைக்குப் போகவேண்டும். புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. அதற்குமுன் மாட்டுவண்டியே கதி. பிற்காலத்திலே கொழுந்து ஏற்றும் லொறியே நோயாளரையும் ஏற்றிச் சென்றது என்பதை மலையகத்துப் பெரியவர்கள் எல்லோரும் அறிவர்.

வழியின் தூரத்தைப் பலரும் எழுதியிருக்கின்றனர். வழியிலே சொல் படும் பாட்டை எழுதியவர் குறைவு. லயத்துக் காம்பராவிலே நோயாளி தன் வேதனையைக் கணவனிடம் சொல்கிறாள். கணவன் கங்காணியிடம் சொல்கிறான். கங்காணி டிஸ்பென்சரிடம் சொல்கிறார். டிஸ்பென்சர் ஆங்கிலத்திலே துண்டு எழுதுகிறார். அத்துண்டைப் பட்டினத்திலே வேறொருவர் வாசிக்கிறார். எந்தப் பக்கத்து வலி, எத்தனை நாளாக, இதற்குமுன் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பன நான்கு வாய் மாறி, இரண்டு பாஷை மாறிப் போய்ச் சேரவேண்டும். போய்ச் சேர்ந்த பின்னும், மேசையருகே நிற்கும் வைத்தியர் நோயாளியிடம் நேரே கேட்டுத் தெளிவதற்குப் பல சமயங்களில் மொழி இடந்தரவில்லை.

மானிப்பாய்க் கிறீன் வைத்தியர் இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே உணர்ந்தவர் என்று நான் கருதுகின்றேன். 1845இல் நியூயோர்க்கிலே வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் அவர். 1848 முதல் மாணாக்கர்க்கு வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்திலே ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் 1860களிலே தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் படித்தவர்கள் உத்தியோகத்தை நாடிப் பட்டினங்களுக்குப் போய்விடுவர். தமிழிற் படித்தவர்களோ தம்முடைய ஊர்களிலே தங்கித் தம் மக்களுக்குப் பயன்படுவர் என்பது அவர் எண்ணம். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம் என அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கிய நூல்கள் பல்லாயிரம் பக்கங்களைக் கொண்டவை. 1873இல் தம் நாட்டுக்குத் திரும்பிய பின்னும் அவர் அப்பணியை விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875இலும், 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. 1884இல் அவர் காலமானார்.

இதற்கிடையே 1870இலே கொழும்பு வைத்தியக் கல்லூரி தோன்றிற்று. அங்கே போதனாமொழி ஆங்கிலம். விஞ்ஞானம் நாள்தோறும் வளரும் மொழி அதுவாகையால் அதனைக் குறைசொல்வது நியாயமன்று. ஆனால் கிறீன் கண்ட உண்மை ஒன்று அங்கே விடுபட்டுப்போயிற்று. நோயாளியின் அருகே நிற்கும் துணைவைத்தியனுக்கும் தாதிக்கும் விளங்கும் மொழியிலே காரியத்தைச் சொன்னால்தான், 'ஐயா, இது இப்படியல்லவே' என்று அவர்கள் திருப்பிக் கேட்க இயலும். விளங்காத மொழியிலே பெறும் கட்டளைக்குத் தலையசைக்கலாம். ஐயம் எழுப்ப முடியாது.

இந்த ஐயம் எழுப்பும் உரிமையே சத்திரசிகிச்சைக்கூடத்தின் வரலாற்றிலே நடுவான விஷயம் என்பேன். நான் கலைப்பட்டதாரி, கத்தியைப்பற்றிய நுட்பம் அறியேன். ஆனால் வரலாற்றிலே ஒரு நடப்பைத் தெளிவாகக் காணலாம். அந்த அறையிலே பாதுகாப்பு ஓங்கிய ஒவ்வொரு முறையும், அதுவரை பேசாதிருந்த ஒருவர் பேசியிருக்கிறார். பேச்சு மறுக்கப்பட்டபோது மக்கள் மாண்டிருக்கின்றனர்.

1847இலே வியன்னா நகரத்துப் பிரசவ வைத்தியசாலையில், பிரேத பரிசோதனை செய்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்ப்பதனாலேயே தாய்மார் ஜன்னிகண்டு இறக்கின்றனர் என்று செம்மெல்வைஸ் என்ற இளைய வைத்தியர் கண்டார். குளோரின் கலந்த நீரிலே கைகழுவச் செய்தார். மரணம் சடுதியாகக் குறைந்தது. மேலானவர்கள் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. பெரிய வைத்தியரின் கையே நோயைக் கொண்டுவருகிறது என்று சிறியவர் ஒருவர் சொல்வதா என்ற மனத்தாங்கல் அதிலே கலந்திருந்தது.

அடுத்தது மயக்கமருந்து. 1846இலே அமெரிக்காவின் பொஸ்டனில் ஈதரும், 1847இலே எடின்பரோவில் குளோரபோமும் வழக்குக்கு வந்தன. 1848 ஜனவரியிலே இங்கிலாந்தில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் கொடுக்கப்பட்ட குளோரபோமினால் சில நிமிடங்களில் இறந்துபோனாள். அற்பமான நகத்துக்காக ஓர் உயிர்! அன்றுதொட்டு, மயக்கம் கொடுப்பவர் வேறு வேலை பாராமல் நோயாளியை மாத்திரம் கவனித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் எதைக் கவனிப்பது? மூச்சையா, நாடியையா? இந்தியாவிலே ஹைதராபாத்தில் எட்வேட் லோறி என்னும் வைத்தியர், மூச்சைக் கவனித்தாற் போதும், இதயத்தைக் குளோரபோம் நேரே தாக்காது என்று உறுதியாக நின்றார். நிஜாம் மன்னரின் பொருளுதவியோடு 1888இலும் 1889இலும் இரண்டு விசாரணைக் குழுக்கள் அங்கே கூடி, விலங்குகளிற் பரிசோதனை நடத்தி, அவர் கூற்றையே நிலைநாட்டின. ஐயப்பட்டவர்கள் வாதத்திலே தோற்றனர். 1911இலே லெவி என்பார், குளோரபோம் இதயத்தையே நேரே நிறுத்தவல்லது என்பதைப் பரிசோதனை மூலம் காட்டினார். ஐயப்பட்டவர்களே சரி! இவ்வளவு காலம் மூச்சை மாத்திரம் பார்த்து நாடியை விட்டவர்களின் மேசைகளிலே என்ன நேர்ந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம். அந்த ஹைதராபாத்திலேயே, உலகின் முதற் பெண் மயக்கமருந்து வைத்தியர்களுள் ஒருவராகப் போற்றப்படும் ரூபாபாய் பர்தூன்ஜி தொழில் பயின்றார் என்பதும் நினைக்கத்தக்கது.

இனிக் கையுறையின் கதை. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே, கருவிகளைத் தூய்மைசெய்யும் மருந்து நீரால் கரோலைன் ஹம்ப்டன் என்ற தாதியின் கைகள் புண்ணாயின. சத்திரவைத்தியர் ஹோல்ஸ்டெட், 1889ஆம் ஆண்டளவில், அவருக்காக மெல்லிய இறப்பர்க் கையுறைகளைச் செய்வித்தார். பின்னர் அவரையே மணமுடித்தார் என்பது வேறு சங்கதி. தாதியின் கையைக் காக்க வந்த உறையே நோயாளியின் காயத்தையும் காக்கும் என்பது சில ஆண்டுகள் சென்றே எல்லோருக்கும் விளங்கிற்று. தாதி வாய்மூடிச் சகித்திருந்தால் அந்த நன்மை இன்னும் பிந்தியிருக்கும். 1876இலே நம் நாட்டு ஹெனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்த இறப்பர் நாற்றுகளின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் உலகத்துக் கையுறைகளுக்குப் பால் கொடுத்தன என்பதைச் சொல்லி மேலே செல்வோம்.

இருபதாம் நூற்றாண்டிலே அந்த அறையில் ஆட்கள் பெருகினர். சத்திரவைத்தியர், உதவி வைத்தியர், மயக்கமருந்து வைத்தியர், கருவி கொடுக்கும் தாதி, சுற்றிநின்று பொருள் எடுத்துத்தரும் தாதி, சிற்றூழியர் என ஒரு சிறு சபையே கூடிற்று. ஆனால் சபை கூடினால் மாத்திரம் கூட்டுறவு உண்டாகிவிடுமா? தோட்டத்துப் பிரட்டுக்களத்தை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். அதிகாலையிலே பனியில் நூற்றுக்கணக்கானோர் நிற்பர். பெரிய துரை சின்னத்துரைக்கும், சின்னத்துரை கணக்கப்பிள்ளைக்கும், கணக்கப்பிள்ளை கங்காணிக்கும், கங்காணி ஆட்களுக்கும் கட்டளை சொல்வர். சொல் மேலிருந்து கீழே இறங்க நல்ல பாதை உண்டு. கீழிருந்து மேலே ஏறப் பாதை இல்லை. சரிவான மலையொன்றிலே மண் இளகியிருப்பதைக் கண்ட தொழிலாளி அதைத் துரையின் காதுக்கு எட்டவைப்பது எளிதன்று. சத்திரசிகிச்சைக்கூடமும் நெடுங்காலம் இத்தகைய பிரட்டுக்களமாகவே இருந்துவந்தது. பெரியவரின் கை வழிதவறுவதைக் கண்ட தாதி, கண்டும் காணாதவராக நின்றார்.

இந்தப் பழக்கத்தை மாற்றும் பாடத்தை வைத்தியர்கள் வானத்திலிருந்து கற்றனர். இதைச் சொல்லும்போது நம் மலைநாட்டு நிகழ்ச்சி ஒன்றை நினையாதிருக்க முடியாது. 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் டி.சி.8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்தது. தாம் இருக்கும் இடத்தை விமானிகள் பிழையாகக் கணித்திருந்தனர். விமானமோ இன்னும் மலைகளின் மேலே இருந்தது. நோட்டன்பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையிலே மோதி, யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நேர்ந்த மிகப் பெரிய விமான விபத்து அதுவே. இயந்திரம் பழுதடைந்தன்று; இருக்கும் இடத்தைப்பற்றிய எண்ணம் பிழைத்ததனாலேயே அது நேர்ந்தது.

மூன்றாண்டு செல்லுமுன், 1977 மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினுக்குரிய தெனரீபுத் தீவிலே, மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். முன்னே மற்றொரு விமானம் ஓடுபாதையை விட்டு நீங்கிவிட்டதா என்று கே.எல்.எம். விமானத்தின் பொறியியலாளர் ஐயப்பட்டுக் கேட்டார். தலைமை விமானி தம் நிறுவனத்தில் மிக உயர்ந்த மதிப்புப் பெற்றவர். நீங்கிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லி விமானத்தைச் செலுத்தினார். பொறியியலாளர் இரண்டாவது முறை கேட்கவில்லை. இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்தவர்கள் 1979இலே அமெரிக்காவிற் கூடி, விமானியறையில் இருப்போர் ஒருவரோடொருவர் பேசும் முறையையே பயிற்சியாகக் கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். சிறியவர் ஐயத்தைச் சொல்லவும், பெரியவர் அதைக் கேட்கவும் பழக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஏறத்தாழப் பத்தாண்டு சென்றபின் மயக்கமருந்து வைத்தியர்கள் அப்பயிற்சியைத் தம் துறைக்குக் கொண்டுவந்தனர்.

ஏழு கன்னியர் மலையிலே விமானம் மோதிய அதே 1974இல், ஜப்பானிலே தக்குவோ அவோயாகி என்பவர், குருதியில் ஒட்சிசன் எவ்வளவு உண்டு என்பதைத் தோலைத் துளைக்காமல் ஒளியால் அளக்கும் முறையை வெளியிட்டார். இப்பொழுது வைத்தியசாலைகளிலே விரல்நுனியில் மாட்டும் சிறு கவ்வி அதன் வழிவந்ததே. ஹைதராபாத்தின் பழைய வழக்கு அதனாலேதான் ஒருவாறு முடிந்தது என்று சொல்லலாம். நாடியையும் மூச்சின் பயனையும் அது ஒருங்கே காட்டுகிறது.

2008 ஜூன் மாதத்திலே உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. உலகிலே ஆண்டொன்றுக்கு 23 கோடிக்கு மேற்பட்ட பெரிய சத்திரசிகிச்சைகள் நடைபெறுவதாக அக்காலத்திற் கணிக்கப்பட்டிருந்தது. பட்டியலை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அதுல் கவாண்டே. இந்திய வைத்தியத் தம்பதியருக்கு அமெரிக்காவிற் பிறந்தவர். ஒரே தாளில் அடங்கும் பத்தொன்பது விஷயங்கள், மூன்று தரிப்புகள். முதற்றரிப்பு மயக்கம் கொடுக்குமுன்: நோயாளி தம் பெயரையும், எந்த இடத்தில் என்ன சிகிச்சை என்பதையும், தாம் சம்மதித்ததையும் தம் வாயாலேயே சொல்லவேண்டும், ஒவ்வாத மருந்து உண்டா, பெருமளவு குருதி போகுமா என்பனவும் அப்பொழுதே கேட்கப்படும். இரண்டாந்தரிப்பு கத்தி வைக்குமுன்: அறையில் உள்ளோர் அனைவரும் தத்தம் பெயரையும் தொழிலையும் சொல்வர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கடந்த 60 நிமிடத்துக்குள் கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பர், எதிர்பார்க்கும் ஆபத்து என்ன என்று சத்திரவைத்தியரும் மயக்கமருந்து வைத்தியரும் தாதியும் தனித்தனியே கூறுவர். மூன்றாந்தரிப்பு நோயாளி அறையை விட்டு நீங்குமுன்: கருவிகளும் பஞ்சுத்துணிகளும் ஊசிகளும் எண்ணப்பட்டுக் கணக்குச் சரி என்று தாதி வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

பெயரைச் சொல்வதிலே என்ன இருக்கிறது என்று சிலர் நகைத்தனர். ஒருமுறை தன் பெயரைச் சபையிலே சொன்னவருக்கு, இரண்டாம் முறை வாய் திறப்பது எளிதாகிறது. வகுப்பறையிலே கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை ஒருமுறை வாசிக்கச் செய்தால் பிறகு அப்பிள்ளை கேள்வி கேட்கும். ஆசிரியர் எவரும் அறிந்த சங்கதி இது.

எண்ணிக்கையின் விஷயத்தைத் தோட்டத்தார் நன்கறிவர். கொழுந்து நிறுக்கும் இடத்திலே தராசின் முள்ளை நிறுப்பவர் பார்க்கிறார், எழுதுபவர் எழுதுகிறார், கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிவும் போகிறது, பறித்தவளுக்குத் தொகை மட்டும் சொல்லப்படுகிறது. அந்த முறையிலே எத்தனை மனத்தாபங்கள்! சத்திரசிகிச்சைக்கூடத்துக் கணக்கோ, இருவர் சேர்ந்து, இருவரும் பார்க்க, உரத்து எண்ணுவதாலேயே நம்பத்தக்கதாகிறது. தொகை குறைந்தால், எவ்வளவு பெரியவரானாலும், தையலை நிறுத்திவிட்டுத் தேடவேண்டும்.

டில்லி, மணிலா, அம்மான், தன்சானியாவின் இபாகரா, லண்டன், சியாற்றில், ரொறன்ரோ, ஒக்லாந்து ஆகிய எட்டு இடங்களிலே இப்பட்டியல் சோதிக்கப்பட்டது. முன்னர் நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து ஏழாயின. 2009 ஜனவரியிலே இது வெளியானபோது உலகம் வியந்தது. ஆனால் 2014இலே கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்து 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்தபோது, பட்டியலைப் புகுத்தியதால் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. இவ்விரண்டு முடிவுகளும் என்னைக் குழப்பவில்லை. தாளிலே அடையாளம் இடுவது வேறு, தரித்து நின்று கேட்பது வேறு. வரவுப் பதிவேட்டிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் வரவு குறிக்கப்பட்டிருக்கும் பாடசாலையில் வகுப்பு நடந்ததாக அதனால் மட்டும் கொள்ளமுடியுமா?

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளுக்கும் இம்முறை வந்திருக்கிறது. இங்கேதான் நம் மலைநாட்டுக்குரிய தனிப்பட்ட சிக்கல் எழுகின்றது. பட்டியலின் முதற்கேள்வியே நோயாளியை நோக்கியது. கூட்டுறவு என்னும்போது மேசையைச் சுற்றி நிற்போரை மாத்திரம் எண்ணுகிறோம். மேசைமேற் கிடப்பவரும் அக்கூட்டத்தில் ஒருவர், அதிலும் முதலாவதாகப் பேசவேண்டியவர். நுவரெலியா மாவட்டத்து மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் தோட்டப்பகுதி வைத்தியசாலைகளிலே தமிழ் பேசும் தாதியரும் வைத்தியரும் போதாமை நெடுநாளைய முறைப்பாடு. சிங்கள வைத்தியர்களும் தாதியர்களும் அன்போடு பணிபுரிகின்றனர். பலர் தமிழ் பயின்று பேசவும் செய்கின்றனர். அன்பு இருந்தும், 'எந்தப் பக்கம்?' என்ற கேள்வி விளங்காதபோது நோயாளி ஆமென்று தலையசைத்துவிடுகிறார். பிரட்டுக்களத்திலே நாலு தலைமுறையாகப் பழகிய தலையசைப்பு அது.

பெயரின் சங்கதியும் சிறிதன்று. ஒரு தோட்டத்திலேயே மூன்று ராமாயிகளும் நான்கு முத்துசாமிகளும் இருப்பர். குடும்பப்பெயர் நம்மிடையே இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்து. தமிழிற் சொன்ன பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சிங்களத்தில் வாசிக்கப்பட்டு, மீண்டும் தமிழுக்கு வரும்போது ராஜேஸ்வரி ராஜலட்சுமி ஆவதும் உண்டு. பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டை வைத்திருப்பவன் என்ற முறையிலே சொல்கிறேன்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து வேறான பெயர், வீட்டிலே அழைப்பது முற்றிலும் வேறொரு பெயர் என்றிருப்பவர் மிகப் பலர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே மிச்சமிருந்தோருக்கும் உரிமை கிடைக்கப்பெற்ற சமூகத்திலே, கடதாசிகள் ஒழுங்காக இல்லாதது வியப்பன்று. ஆனால் சத்திரசிகிச்சைக்கூடத்து வாயிலிலே, ஒரு பெயருக்கும் மற்றொரு பெயருக்கும் இடையிலுள்ள ஓரெழுத்து உயிருக்கு விலையாகலாம்.

வைத்தியசாலைத் தாளை எடுத்துக்கொண்டு, அதை வாசித்துச் சொல்லும்படி பாடசாலைக்கு வரும் பெற்றோர் இன்னும் உளர். அண்மைக் காலத்திலே ஒரு தாய் வந்தார். கையொப்பமிட்டாயிற்று, என்ன சிகிச்சை என்பதுமட்டும் தெரியாது. பத்தாம் வகுப்பிலே படிக்கும் மகள் தாளை வாசித்து, தாய்க்கு விளக்கினாள். தாய் கேட்ட முதற்கேள்வி, 'அப்படியானால் நான் எத்தனை நாளைக்குக் கொழுந்துக்குப் போகமுடியாது?' என்பது. மிக நியாயமான கேள்வி. சம்மதம் கேட்கப்படும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

2017 மே மாதத்திலே, இந்திய அரசின் உதவியால் டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டிடம் திறந்துவைக்கப்பட்டது. இந்தியப் பிரதமரே நேரில் வந்தார். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்பியுலன்ஸ் சேவையும் இப்பொழுது உண்டு. கொழுந்து லொறியின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. கட்டிடமும் வண்டியும் வந்தன. மொழி பெயர்ப்பவர் வந்தாரா? பல இடங்களிலே அந்த வேலையைச் செய்பவர் நோயாளியைத் தள்ளிக்கொண்டு வரும் சிற்றூழியர். இரு மொழியும் பேச அறிந்த அவரை இடையிலே நிறுத்தி, வைத்தியர் கேட்கிறார். அவருடைய பதவியின் பெயரிலே மொழிபெயர்ப்பு இல்லை, சம்பளத்திலும் இல்லை. ஆயினும், பட்டியலின் முதற்றரிப்பு அவரைக் கொண்டே நடைபெறுகிறது. அவரையும் கூடத்தின் குழுவிலே ஒருவராக எண்ணி, அவர் பெயரையும் மற்றவரோடு சேர்த்துச் சொல்லவைப்பது அதிக செலவுள்ள காரியமன்று.

2019 முதல் ஒவ்வோராண்டும் செப்டம்பர் 17ஆம் தேதி நோயாளர் பாதுகாப்பு நாளாக உலகெங்கும் கொள்ளப்படுகிறது. முதலாண்டின் வேண்டுகோளே பாதுகாப்புக்காகக் குரல் கொடுங்கள் என்பது. சத்திரசிகிச்சைக்குப் போகும் நேயர்கள் சில காரியங்களைத் தாமே செய்துகொள்ளலாம். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைச் சொல்லப் பழகுங்கள். பழைய கிளினிக் அட்டைகளையும், உண்ணும் மருந்துகளையும் ஒரு பையிலே எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரை அறிந்தவர் எவரிடமாவது மூன்று மொழியிலும் எழுதுவித்து வைத்திருங்கள். வலிக்கும் பக்கத்திலே வைத்தியர் மையால் அடையாளம் இட்டாரா என்று பாருங்கள், இடாவிட்டால் கேளுங்கள். என்ன சிகிச்சை என்று விளங்கும்வரை பெருவிரலை மையில் வையாதீர்கள். கூடத்து வாயிலிலே உங்கள் பெயரைக் கேட்பார்கள். ஏற்கனவே தாளில் இருக்கிறதே என்று எண்ணவேண்டா. உங்கள் வாயாற் கேட்பதற்காகவே கேட்கிறார்கள். தமிழிலேயே சொல்லுங்கள், சற்று உரத்துச் சொல்லுங்கள்.